பத்து நாள் விருந்தாளிகளும் பந்தி போடுகிற ஊரும்

ஏரல், சாயர்புரம், நாசரேத் பக்கத்துக் கோவில்களில் (இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கும் அது ‘கோவில்’தான், ‘சர்ச்’ என்பது டவுன்காரர் பேச்சு) ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற நேரம் ஒன்று உண்டு. கல்யாண ஓலை, சங்கக் கூட்டம், அசனத்துக்கு நன்கொடை எல்லாம் வாசித்து முடித்தபிறகு எப்போதாவது இப்படியும் ஒன்று வரும்: வெளிநாட்டிலிருந்து ஒரு காலேஜ் மாணவர் குழு மிஷன் பயணமாக வருகிறது, பத்து நாள் தங்கும், வாலிபர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் ஒத்துழைக்க வேண்டும்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊர் தலைகீழ்.

யார் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது? யார் பிள்ளைக்கு இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் வரும்? தண்ணி கேன் எத்தனை, குழம்பில் மிளகாய் எவ்வளவு குறைக்கணும், வேனுக்கு யாரிடம் சொல்வது... கமிட்டி கூடிக் கூடிப் பேசும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேற்பு டான்ஸ் பழகும். போன வருஷம்தான் வெள்ளையடித்த சுவர் ஒன்று, வருகிறவர்கள் பெயின்ட் அடிப்பதற்காகவே காத்திருக்கும். டீம் வரும், சால்வை விழும், பாட்டு, பொம்மலாட்டம், பிள்ளைகளோடு போட்டோ. பத்தாம் நாள் எல்லோரும் அழுவார்கள். (பொய் அழுகை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) வேன் கிளம்பிவிடும்.

அப்புறம்? பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும் பாக்கி.

இந்த மாதிரிப் பயணங்களைப் பற்றி இரண்டே கட்சிதான் இருக்கிறது. ஒன்று, வெள்ளைக்காரப் பிள்ளைகள் நம்மூரைத் தேடி வருகிறார்களே, எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்கிற கட்சி. இன்னொன்று, எல்லாம் மதம் மாற்றுகிற சதி, காலனி புத்தி என்கிற கட்சி. அடித்துக்கொள்கிற இரண்டு பேருக்கும் ஒரே ஒற்றுமை, இருவருமே வருகிறவர்களைத்தான் பார்க்கிறார்கள். வரவேற்கிற ஊரை ஒருத்தரும் பார்ப்பதில்லை. ஊர் என்பது ஏதோ வாடகை மண்டபம் மாதிரி.

விஷயம் அதுதான். ஒரு சபை வெளியூர் மாணவர் குழுவை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது பெரிய கேள்வியே இல்லை. யார் நிபந்தனை போடுவது என்பதுதான் கேள்வி. போட வேண்டியது ஊர். “நீங்கள் இங்கே வேலை செய்ய வரவில்லை, பார்த்துப் படிக்க வருகிறீர்கள்” என்று வாசலிலேயே சொல்ல இந்தத் தாமிரபரணிக் கரைக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படிச் சொல்லத் தெம்பு தருகிற சரித்திரமும் இருக்கிறது.

கொற்கையில் இருந்தே தொடங்கலாம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், சங்கப் பாட்டில் வருகிற ஊர். யவனர், அரபு வியாபாரி என்று கடல் தாண்டி ஆள் வந்துபோவது இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வாழையும் நெல்லும் குளமும்தான், அலைச் சத்தம் கிடையாது. இந்தச் சின்ன ஊர்தான் பழைய கொற்கை என்று அடையாளம் காட்டி, 1870களில் தோண்டியும் பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல். அவரும் மிஷனரிதான். ஆனால் அவர் மண்வெட்டியோடு கொற்கைக்கு வந்தபோது இந்த ஜில்லாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து முடித்திருந்தார்.

1838ல் சென்னையில் இறங்கினார், 1841ல் இடையன்குடிக்கு வந்தார். சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்தாராம், ஜனங்களைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி என்று. 1856ல் ஒப்பிலக்கணம், 1881ல் திருநெல்வேலிச் சரித்திரம், 1891ல் சாவு. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். சாயர்புரத்தில் 1840களில் இருந்த ஜி.யு.போப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் அவர் கொண்டுவந்தது 1886ல். தமிழ் படிக்கத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து! (அதில் விருந்தோம்பல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. நிபந்தனை போடும் அதிகாரம் ஒன்றை வள்ளுவர் சேர்த்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.) ஏமி கார்மைக்கேல் 1895ல் இந்தியா வந்து, கொற்கைக்கு ரொம்ப தூரம் இல்லாத பண்ணைவிளையில் தங்கித் தமிழ் படித்து, பிறகு டோனாவூர் போய், 1951ல் அங்கேயே இறந்தார். இடையில் ஒரு தடவைகூடத் தாயகம் திரும்பவில்லை.

“அதெல்லாம் அந்தக் காலம், இவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், லீவில் வருகிறார்கள், ஒப்பிடலாமா?” என்று கேட்கலாம். ஒப்பிடுவது அவர்களை மட்டம் தட்டுவதற்காக இல்லை. இதே கால்டுவெல் இங்கே வந்து எட்டு வருஷம் ஆனபிறகு, 1849ல், சாணார்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட நாடார்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யாரோடு வாழ்ந்தாரோ அவர்களையே தாழ்த்திக் காட்டுகிற புத்தகம். அதன் மேல் எழுந்த கோபம் பல பத்தாண்டுகள் அடங்கவில்லை. மிஷனரிகளின் போக்கு பிடிக்காமல் நாசரேத்துப் பக்கம் சட்டாம்பிள்ளை என்கிற உபதேசியார் 1857ல் பிரிந்துபோய்த் தனியாக இந்து கிறிஸ்தவ சபையே கண்டார். எட்டு வருஷம் தமிழ் பேசி, படித்து, ஜனங்களோடு புழங்கின ஒரு மேதைக்கே இந்தச் சறுக்கல் என்றால், பத்து நாளில் பார்த்ததை வைத்து “இந்த மக்கள்” என்று தொடங்கி ரிப்போர்ட் எழுதுகிற பிள்ளையின் கதி என்ன?

அப்படியானால் குறுகிய பயணமே வீண் என்று ஆகிவிடுமா? ஆகாது. திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு குறுகிய பயணம்தான்!

1778ல் ஷ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். வந்து தங்கிவிடவில்லை, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவை. அதற்குப் பிறகு அந்தச் சின்னக் கூட்டத்தைக் கட்டிக் காத்தது அந்த அம்மாள்தான். 1780ல் சபைப் பதிவேட்டில் இருந்தது நாற்பது பேர். 1785ல் கோவில் எழும்பியது, ஷ்வார்ட்ஸ் மறுபடி வந்து பிரதிஷ்டை செய்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் ஊழியத்தைச் சுமந்தவர் சத்தியநாதன், தமிழர். விருந்தாளி வந்து போனார், வீட்டுக்காரர் வீட்டை நடத்தினார். கணக்கு சுத்தம்.

இதைவிட அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், தேரிக்காட்டுப் பிள்ளை. 1902ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அதுவும் சின்னப் பயணம்தான். அங்கே போய் அவர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வேறு ஊருக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்ணால் பார்த்தார். ‘இவர்களால் முடிகிறது, திருநெல்வேலியால் ஏன் முடியவில்லை’ என்று வெட்கப்பட்டுத் திரும்பினார். அடுத்த வருஷம், 1903 பிப்ரவரி 12ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. சங்கம் ஊர்க்காரர் காணிக்கையில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கத்துக்கு ஆள் அனுப்பியது. 1909ல் அசரியாவே அங்கே போய்த் தெலுங்கு படித்து ஊழியம் செய்தார். 1912ல் தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

கவனித்தால் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பயணத்தால் கிடைத்தது ஒன்றுமில்லை. கிடைத்ததெல்லாம் திரும்பிப் போன ஊருக்கு. குறுகிய பயணம் பலன் கொடுக்கிறது என்றால் இப்படித்தான் கொடுக்கும், வந்தவர் வழியாக, அவர் சொந்த ஊரில். ஆகவே விருந்து கொடுக்கிற ஊர்தான் அங்கே வாத்தியார். வருகிறவர் மாணவர். நம்மூரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. பைபிள் வசனம் எண்பது வயது ஆச்சிக்கு மனப்பாடம், அதை அவருக்கு விளக்கிச் சொல்ல இருபது வயதுப் பையன், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்!

அசரியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியாது. 1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், கிட்டத்தட்ட எல்லோருமே மேலைநாட்டார். அந்த மேடையில் இந்த முப்பத்தைந்து வயதுத் திருநெல்வேலிக்காரர் எழுந்து, மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை முகத்துக்கு நேரே சொன்னார். பணம் தந்தீர்கள், உழைப்பைத் தந்தீர்கள், சரி, ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்து பழகுகிற சிநேகிதம் எங்கே என்பதுதான் பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு வருகிற குழுக்கள் சிநேகிதமாகத்தான் பழகுகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நம்மூர் கமிட்டிதான் அவர்களைத் துரைமார் ஆக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறது. அசரியா கேட்டது சிநேகிதம், இவர்கள் கொடுப்பது சால்வை.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். பி.காம். பாடத்தில் சொல்லித்தருகிற ‘ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்’ ஞாபகம் இருக்கிறதா? ஒரு காசை ஓரிடத்தில் போட்டதால் வேறெங்கே போட முடியாமல் போனதோ அந்த நஷ்டம். 1998ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் (அவரும் கிறிஸ்தவர்தான், அந்த நாட்டிலேயே வாழ்கிறவர்) அதை ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார். உள்ளூர் அமைப்பு கட்டினால் ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வெளியிலிருந்து குழு வந்து கட்டினால் பயணச் செலவெல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர். ஒன்றுக்குப் பதினைந்து! “பரவாயில்லை, போய்வந்த பிள்ளைகள் மனசு மாறி ஆயுசுக்கும் தாராளமாகக் கொடுப்பார்கள்” என்பதுதான் வழக்கமான சமாதானம். அதையும் அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார், பெரும்பாலானவர்களின் காணிக்கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் இல்லை.

இங்கே கொஞ்சம் நியாயமாகவும் பேசவேண்டும். “அந்த விமான டிக்கெட் காசை அப்படியே அனுப்பியிருக்கலாமே” என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பயணம் இல்லை என்றால் அந்தக் காசு திரண்டிருக்கவே திரண்டிருக்காது. பிள்ளை போகிறாள் என்பதற்காகத்தான் அத்தையும் பெரியப்பாவும் கொடுக்கிறார்கள். வராமலே கொடுக்கிறவர்கள் குறைவு. இருந்தும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் காலேஜ் இருக்கிறது. அந்த அம்மாள் உடம்புக்கு முடியாதவர், இங்கிலாந்தை விட்டு வந்ததே இல்லை. திருநெல்வேலிப் பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று அங்கிருந்தே சிநேகிதிகளிடம் காசு சேர்த்து அனுப்பினார். இன்றைக்கு அந்தப் பெயரைப் பட்டத்தில் சுமக்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஒரு செல்ஃபிகூட எடுக்காமல்!

ஹோண்டுராஸ் கணக்கிலும் ஏறாத ஒரு பத்தி உண்டு. வரவேற்கிற வீட்டின் செலவு. பத்து நாளும் அதிகாலையில் எழுந்து ஆப்பமும், காரம் குறைத்த குழம்பும் செய்கிற அக்காமாருக்கு யார் கூலி போட்டார்கள்? பீடி சுற்றுகிற, வாழை வயலுக்குப் போகிற பெண் ஒருத்தி ஒரு வாரம் போகவில்லை என்றால் அது ரொக்க நஷ்டம். மொழிபெயர்க்கிற தம்பிக்குக் காலேஜ் லீவு. பள்ளிக்கூடத்துக்குப் பாட நேரம் போச்சு. கட்டிலை விருந்தாளிக்கு விட்டுவிட்டுப் பாயில் படுக்கிற தாத்தா. இதையெல்லாம் ஊர் சந்தோஷமாகத்தான் செய்கிறது, முகம் சுளிக்கிறதே இல்லை. சந்தோஷமாகச் செய்தால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஜனங்கள் கொடுக்கத் தெரியாதவர்களும் இல்லை. ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830லேயே, ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்கத் தர்ம சங்கம் வைத்த ஜில்லா இது. அப்படிப்பட்ட ஊரைப் பெறுகிற ஊராகவே நிற்க வைத்துப் படம் எடுப்பது எப்படிச் சரி?

அடுத்தது சட்டம். கமிட்டிக்காரர்கள் கண்டும் காணாமலும் தாண்டுகிற இடம் இதுதான், ஆபத்தும் இங்கேதான். டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் கோவிலைப் பார்க்கலாம், ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். பிரசங்கம் செய்யக்கூடாது, துண்டுப் பிரசுரம் கொடுக்கக்கூடாது. ஊழியம் செய்வதற்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிற நம்மூர்ப் பேரப்பிள்ளைகளுக்கும் 2021 அறிவிப்பின்படி மிஷனரி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். வெளிநாட்டாரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்கவேண்டியது தங்க வைத்தவரின் பொறுப்பு. கிளம்புகிற அன்று கவரில் டாலரோ ரூபாயோ போட்டுச் சபைக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குப் பதிவு இருக்கவேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். “அன்பா குடுத்தாங்க அண்ணாச்சி” என்பது ஆடிட்டரிடம் செல்லாது.

விதி நல்லதா கெட்டதா என்று தனியாகச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். இப்போது பார்க்க வேண்டியது வேறு. விதி மீறப்பட்டால் வந்தவருக்குப் பெரும்பாலும் என்ன ஆகும்? திருப்பி அனுப்புவார்கள், மறுபடி விசா கிடைக்காது. ஊர்க்காரருக்கு? போலீஸ் ஸ்டேஷன், பேப்பரில் பெயர், சபையின் பதிவுக்கே ஆபத்து. அதைவிடப் பெரிசு அக்கம்பக்கம். ஒரு தெருவில் அம்மன் கோவில், அடுத்த தெருவில் சி.எஸ்.ஐ. கோவில், ஆற்றுக்கு அந்தப்பக்கம் பள்ளிவாசல் என்று வாழ்கிற ஊர்கள் இவை. மண்டைக்காடு 1982 நடந்த கடற்கரை இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. சந்தையில் நின்று கிடார் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு அது பத்து நிமிஷ அனுபவம். மறுநாள் அதே சந்தையில் அதே கடைக்காரரிடம் கத்தரிக்காய் வாங்கப் போகவேண்டியது ஊர்க்காரர்.

பிள்ளைகள் படம் இன்னொரு தலைவலி. காப்பகத்துப் பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போடுவது இந்த மாதிரிப் பயணங்களில் மாமூல். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015 சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். பத்து நாளைக்கு ஒரு அக்கா வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுக் காணாமல் போவதும், அடுத்த வருஷம் வேறு அக்கா வருவதும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

அப்படியென்றால் எப்படித்தான் வரவேற்பது?

முதலில், அழைப்பு இங்கிருந்து போகவேண்டும். ஒரு வருஷம் முன்னாலேயே கடிதம் எழுதி, ‘இத்தனை பேருக்கு மேல் வேண்டாம், இந்த மாதம்தான் சௌகரியம், தமிழில் ஐம்பது வார்த்தையாவது படித்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நம்மூர்ப் பையன் வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்குப் போகவேண்டும் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வைக்கிறார்களா இல்லையா!

வந்தபிறகு மேடையில் ஏற்றாமல் அடுக்களையில் உட்கார வைக்கவேண்டும். அசனத்துக்கு வெங்காயம் உரிக்கட்டும். அசனம் என்றால் என்ன என்று புரிய அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. வீட்டுக்கு வீடு வந்த அரிசி, யாரோ நேர்ந்து விட்ட ஆடு, விடிய விடிய அண்டாவில் கிண்டுகிற ஆண்கள், பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. இதில் எந்த சாதி எந்த வேலை செய்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று விருந்தாளி கேட்டால் மழுப்பாமல் பதிலும் சொல்லவேண்டும். சபைக்குள்ளே சாதி இருக்கிறது என்பதை மறைத்து வைத்துவிட்டுச் சுற்றிக் காட்டுவது டூரிசம், அதற்குப் பெயர் விருந்தோம்பல் இல்லை.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்துக்கும் கூட்டிப்போகலாம். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி இந்தக் கரை முழுக்க மூழ்கியபோது, செந்தூர் எக்ஸ்பிரஸ் அங்கே மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் நடு வெள்ளத்தில். பக்கத்து ஊர் ஜனங்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்ற நேரத்தில், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். யார் என்ன மதம் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. சேவை செய்யவேண்டும் என்று கடல் தாண்டி வருகிற பிள்ளைகளுக்கு அந்த பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் போதும், செமினார் தேவையில்லை.

கடைசியாக ரிப்போர்ட். திரும்பிப் போய்ச் சபையில் காட்டப்போகிற வீடியோவையும் எழுத்தையும் முதலில் இந்த ஊருக்கு அனுப்பி, ஊர் சரி என்றபிறகே அங்கே காட்டவேண்டும் என்று நிபந்தனை போடலாம். ஏமி கார்மைக்கேல் இங்கே பார்த்ததைப் பூச்சு இல்லாமல் எழுதி அனுப்பியபோது, இது மனசை உடைக்கிறது, கொஞ்சம் நம்பிக்கையாக மாற்றித் தாருங்கள் என்றார்களாம் தாயகத்தில். அவர் மாற்றவில்லை. அந்தப் புத்தகம் 1903ல் அப்படியே வெளிவந்தது. ‘இருளில் கிடந்த கிராமத்துக்கு ஒளி கொண்டுபோனோம்’ என்று ஸ்லைடு போடுகிற பிள்ளைக்கு, அந்தக் கிராமத்தில் இருநூறு வருஷமாகக் கோவில் மணி அடிக்கிறது என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

இவ்வளவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்தால் அது கள்ளக் கணக்கு. நம் பக்கத்து வாலிபர் சங்கங்களும் காலேஜ் ஜெபக்குழுக்களும் லீவு வந்தால் ஒடிசா, ஜார்க்கண்ட் என்று ‘மிஷன் ஃபீல்டு’ பார்க்கக் கிளம்புகிறார்கள். இங்கே சால்வை வாங்கிக்கொள்கிற துரைமாராக அங்கே நிற்பது நம்மூர்ப் பிள்ளைகள். அதே போட்டோ, அதே கிடார், அதே பாவப்பட்ட பார்வை. ஆதிவாசி வீட்டு அடுப்பில் பதினைந்து பேருக்குச் சோறு. ஒடிசாவில் 1967லிருந்தே மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது, ஜார்க்கண்டில் 2017லிருந்து. திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கியதும் டீமுக்கு எல்லாம் மறந்துபோகும். கேள்வி கேட்க ஆள் வருவது அந்த வீட்டுக்கு. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்த ஊர் உபதேசியாருக்கு ஒரு போன் போட்டு, “அண்ணே, நாங்க வரணும்னு நீங்க கேட்டீங்களா, இல்ல எங்க கமிட்டியா முடிவு பண்ணுச்சா?” என்று விசாரித்த குழு எத்தனை இருக்கும்?